உவர்மலை வீடியோ கட்டுரை வகுப்பு: போகலாமா?

திருகோணமலையில் எடிட்டிங் படிப்பிக்கிற இடம் என்றால் பெரும்பாலும் கல்யாண வீடியோ வெட்டத்தான் சொல்லித் தருவார்கள். உவர்மலையில் ஒரு வீட்டு மாடியில் வார இறுதிகளில் நடக்கும் இந்த வகுப்பு வேறு மாதிரி. படத்தையும் ரீவி நாடகத்தையும் எப்படி விமர்சிப்பது என்பதை வீடியோ கட்டுரை, அதாவது அந்தப் படத்தின் துண்டுகளையே வெட்டி ஒட்டிக் கருத்துச் சொல்லும் வீடியோ, செய்ய வைத்தே படிப்பிக்கிறார்கள். போய் முடித்துவிட்டேன், பலர் கேட்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் பிடித்தது, வாயைத் திறக்கவே விடாத ஒரு பயிற்சி. ஒரே படத்திலிருந்து 10 துண்டு, ஒவ்வொன்றும் சரியாக 6 விநாடி, அடியில் அதே படத்தின் ஒலி ஒரு நிமிடம் வெட்டாமல் ஓட வேண்டும், குரல் சேர்க்கக் கூடாது. அமெரிக்காவின் மிடில்பெரி கல்லூரியில் 2015இல் கிறிஸ்டியன் கீத்லியும் ஜேசன் மிட்டலும் நடத்திய பயிலரங்கில் செய்வித்த பயிற்சி இது. கேட்க விளையாட்டாக இருக்கும், உட்கார்ந்தால்தான் தெரியும். என்னோடு படித்த ஒரு தங்கச்சி மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தாள். ஊரே சேர்ந்து வில்லன் விஜயனைச் சாக வைக்கும் கடைசி ஆற்றங்கரைக் காட்சியின் ஒலியை, அவன் ஊருக்குள் மிடுக்காகத் திரியும் காட்சிகளுக்கு அடியில் போட்டாள். அவன் சிரிக்கிற இடமெல்லாம் பயமாகிவிட்டது. மேடையில் நின்று அரை மணித்தியாலம் பேசினாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

நான் ஒரு மெகா சீரியலின் சண்டைக் காட்சியை எடுத்து ஒலியை முழுதாக நிறுத்திப் பார்த்தேன். மாமியார் முகம், மருமகள் முகம், மூலையில் நிற்கிற சித்தப்பா முகம், திரும்பவும் மாமியார். யாருமே நகரவில்லை, நடந்ததெல்லாம் இடியும் வயலினும்தான். இத்தனை வருடம் அம்மாவோடு இருந்து பார்த்தும் இது கண்ணில் படவில்லையே!

குறையும் இருக்கிறது. உதாரணத்துக்குக் காட்டியவை பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரைகள்தான். யூடியூப்பில் ‘எவ்ரி ஃபிரேம் எ பெயின்டிங்’ சனலுக்கு டோனி சூ, டெய்லர் ராமோஸ் இருவரும் செய்தவை அருமைதான், ஆனால் 1977இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ தமிழில் எடுத்த ‘பொன்மணி’ பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. இலங்கையில் இருந்துகொண்டு இதென்ன கதை? அப்புறம், குரல் பதிவுக்கு ஒதுக்கிய நேரம் போதவே போதாது. மாடியில் வெக்கை வேறு. மின்விசிறியைப் போட்டால் அதன் சத்தம் மைக்கில் விழும், நிறுத்தினால் நாம் விழுவோம்.

காப்புரிமைப் பாடம் நல்ல பயனுள்ளது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 11ஆம் பிரிவில், விமர்சனம், கற்பித்தல் போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. ஆனால் அடுத்தவர் பாட்டையும் படத்தையும் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூப்பின் கன்டென்ட் ஐடிக்குச் சட்டம் தெரியாது, பாட்டு பொருந்தினால் உரிமையாளர் பெயரில் கிளெய்ம் விழும். அதற்கு எப்படி மறுப்பு அனுப்புவது என்று செய்தே காட்டினார்கள்.

சனலில் காசு பார்க்க நினைக்கிற தம்பிமார் இந்தப் பக்கம் வர வேண்டாம், சலித்துப் போவீர்கள். படம் பார்த்துவிட்டு ‘செம’, ‘மொக்கை’ தாண்டி ஒன்றும் வாயில் வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். மென்பொருளுக்குச் செலவில்லை, டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பே போதும். லப்டொப் இல்லாவிட்டால் முதலே சொல்லுங்கள், இரண்டு பேருக்கு ஒன்று தருகிறார்கள். ஹெட்போனை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், அங்கே இருப்பதில் ஒரு காதுதான் கேட்கும்.