வெறுங் கோப்பையோடு விருந்துக்குப் போனவனின் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு

போன வருஷம் மெல்பேர்னில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் வேலியோரம் நின்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடல், நீங்களும் வாருங்கள் என்றார். திரும்பும்போது "பிரிங் எ பிளேட்" என்று ஒரு சொல்லும் போட்டார். பிளேட் என்றால் எங்கள் பக்கத்தில் கோப்பை. பாவம், வீட்டில் கோப்பை போதாதாக்கும் என்று நினைத்து, மனைவி நாலு சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவித் துடைத்துத் துவாயில் சுற்றித் தந்தா. கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசை நிறைய மற்றவர்கள் செய்துகொண்டு வந்த சாலட்டும் கேக்கும் இருந்தன. ஏதாவது சமைத்து ஒரு கோப்பையில் கொண்டு வா என்பதுதான் அவுஸ்திரேலியாவில் அதற்கு அர்த்தமாம். அந்த அம்மா முகம் மாறாமல் வாங்கி வைத்தார். எனக்குத்தான் இரண்டு நாள் நித்திரை இல்லை.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், டீச்சர் சங்கடப்படுவா. விருந்துக்கு அழைப்பது, ஒப்புக்கொள்வது, மறுப்பது, இவ்வளவுதான் பாடம். ஆறு சனிக்கிழமை, 4,500 ரூபாய், பன்னிரண்டு பக்க போட்டோகொப்பி. 35 வருஷம் தபால் கந்தோரில் இருந்தவன் நான். ஆவணி வந்தால் கலியாணக் கார்டைக் கட்டுக்கட்டாகப் பிரித்த கைக்கு அழைப்பிதழ் பற்றி யார் சொல்லித் தருவது என்ற திமிரோடுதான் போனேன்.

அது முதல் நாளே இறங்கிவிட்டது. "டூ யூ லைக் டு கம்?" என்றுதான் இத்தனை காலமும் ஆட்களை அழைத்திருக்கிறேன். அது வருவது உனக்குப் பிடிக்குமா என்று பொதுவாகக் கேட்பது. அழைப்பதென்றால் "வுட் யூ லைக் டு கம்?" கார்டின் அடியில் கிடக்கும் ஆர்.எஸ்.வி.பி. பிரெஞ்சு என்பதும் அன்றுதான் தெரியும். தயவுசெய்து பதில் தாருங்கள் என்பதன் சுருக்கமாம். ஆகவே அதற்கு முன்னால் ஒரு "ப்ளீஸ்" சேர்த்தால் தயவு இரண்டு தடவை வந்துவிடும். "ரிக்ரெட்ஸ் ஒன்லி" என்று இருந்தால், வராதவர் மட்டும் அறிவித்தால் போதும். உறையில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் அழைப்பு. நாங்கள் "குடும்பத்தினர்" என்று எழுதினால் பேரப்பிள்ளை வரைக்கும் அதற்குள் அடங்கும். அங்கே அது இல்லை.

வகுப்பு சூடு பிடித்தது மூன்றாம் சனிக்கிழமை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் விட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒருவர் எழும்பினார். "எங்கட சஹனை, அந்தப் பெரிய சோத்துத் தட்டைச் சுத்தி ஆறு பேர் இருப்பம். ஒராள் கூடினாலும் கொறஞ்சாலும் சோத்துக்குத் தெரியாது, டீச்சர்." டீச்சர் வெள்ளைப் பலகையில் ஒரு மேசை கீறி, ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு பெயர் எழுதினா. ஒரு பெயரை அழித்துவிட்டு, "இப்ப இந்தக் கதிரையப் பாருங்க" என்றா. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எங்களுக்கு "வரப் பாக்கிறம்" என்பது மரியாதை. அவர்களுக்கு அது பதிலே இல்லை.

மறுப்பதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் நன்றி, பிறகு வர முடியாது, காரணம் ஒரு வரி, கடைசியில் வாழ்த்து. "ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ காண்ட் மேக் இட்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம். பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்யும் பிள்ளை, "வரல்ல எண்டு சொல்ல ஏன் டீச்சர் பயப்பிடணும்?" என்று கேட்டது. சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் போனது. அது பயமில்லை, வருத்தத்தைப் பணிவாகச் சொல்வதாம்.

இனி என் குறை. களுவாஞ்சிகுடியில் மச்சானின் மகளுக்குக் கலியாணம். அச்சடித்த கார்டில் ஆர்.எஸ்.வி.பி. போட்டு ஃபோன் நம்பரும் இருந்தது. அன்றைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். படித்ததை விடுவானேன் என்று அந்த நம்பருக்கு எடுத்து நன்றி, வர முடியாது, ஒரு வரிக் காரணம், வாழ்த்து என்று வரிசையாகச் சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்ன மச்சான், வெத்திலை வட்டாவோட வந்து சொன்ன கலியாணத்துக்கு ஃபோனிலயா வரல்ல எண்டு சொல்ற?" கண்ணைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கலியாணத்துக்குப் போனேன். அந்தக் கார்டில் ஆர்.எஸ்.வி.பி. அழகுக்குப் போட்டது. இதை எங்கே பாவிக்கலாம், எங்கே கூடாது என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரும்பப் போய்ச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

போட்டோகொப்பியும் பழசு. "ரிக்வெஸ்ட் த பிளெஷர் ஒஃப் யுவர் கம்பனி" என்று தொடங்கும் பெரிய கார்டுகளுக்கே நாலு பக்கம். வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புக்கு ஒரு வரிகூட இல்லை, இப்போது அதுதானே கூட. "செவன் ஃபோர் செவன் தேர்ட்டி" மட்டும் அந்தப் பக்கங்களில் உருப்படியானது. ஏழு மணிக்கு வரலாம், ஏழரைக்குச் சாப்பாடு. எங்கள் கார்டில் ஏழு என்றால் குளிக்கப் போகும் நேரம்.

கோப்பைக் கதையை நான்காம் வாரம் சொன்னேன். டீச்சருக்கும் அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்றே சொன்னா. அடுத்த சனிக்கிழமை எல்லோருடைய கடைசிப் பக்கத்திலும் "பிரிங் எ பிளேட்: சாப்பாட்டோடு" என்று பேனையால் எழுதித் தந்தா. 4,500 ரூபாய் எனக்கு அந்த இடத்திலேயே கழிந்துவிட்டது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் போங்கள். நேரத்தோடு போய் ஜன்னலோரம் இருங்கள், அந்த மாடியில் ஒரே ஒரு ஃபேன்தான். நாங்கள் மார்கழியில் திரும்ப மெல்பேர்ன் போகிறோம். இந்தத் தடவை தொதல் கொண்டுபோவதா, வட்டிலப்பமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.