அட்டையா, தன்னார்வலரா, தனி மணி நேரமா?

ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். ‘மெல்லக் கற்போர்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. இவர்களுக்காக நம் நாட்டில் பெரிய அளவில் செய்து பார்த்த வழிகள் மூன்று. எது நல்ல வழி என்பதைவிட, பள்ளிக்குள் போன பிறகு எது தாக்குப்பிடிக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதல் வழி, வகுப்பறையையே மாற்றுவது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி மாதிரியிலிருந்து பிறந்த செயல்வழிக் கற்றல், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுக்கப் பரவியது. கரும்பலகை பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ‘ஏணிப்படி’ப் படத்தில் தான் நிற்கும் இடத்தைப் பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையைப் பிள்ளையே எடுத்துவந்து உட்காரும். காய்ச்சலில் நான்கு நாள் வராத பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். இந்த அழகு மற்ற இரண்டிலும் கிடையாது. ஆனால் அட்டை கிழியும், தொலையும். ஆளுக்கொரு படியில் நிற்கும் முப்பது பேரை ஒரே ஆசிரியர் கவனிப்பது லேசான காரியமும் அல்ல. பின்னாளில் ‘எளிமைப்படுத்தப்பட்ட’ என்ற அடைமொழி அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது சும்மா இல்லை.

இரண்டாவது, வெளியிலிருந்து தன்னார்வலர். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கிய, மாலையில் வீட்டருகே தன்னார்வலர் பாடம் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வியை எடுத்துக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் கிராமப்புறப் பிள்ளைகள் இழந்த கற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் ஓர் ஆய்வு கண்டறிந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு இது பெரிய பலன். பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மாலை வகுப்பு என்பது வந்தால் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூரில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் நடத்திய வாசிப்பு வகுப்புகளுக்கு வந்தவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாதவர்களில் மிகச் சிலரே வந்தார்கள்.

மூன்றாவது, பள்ளி நேரத்துக்குள்ளேயே நிலைக்கேற்ற கற்பித்தல். சோதனை மிக எளிது. பிள்ளையிடம் முதலில் ஒரு பத்தியைக் கொடுப்பார்கள். வாசித்தால் கதை, திணறினால் சொற்கள், அதுவும் முடியாவிட்டால் எழுத்துகள். ஒருவருக்குச் சில நிமிடம் போதும். பிறகு வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்துக் குழு பிரிப்பார்கள்.

இதே முறை பீகாரில் காட்டிய வேடிக்கையைப் பாருங்கள். கோடை முகாமில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நடத்தியபோது பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள். பள்ளி ஆண்டில், பயிற்சியும் பொருள்களும் கையில் இருந்தும் அப்படி நடக்கவில்லை. பாடப்புத்தகத்தை முடிக்கும் அவசரம் முறையை விழுங்கிவிட்டது. ஹரியானாவில் 2012-13இல் இரண்டு காரியம் கூடுதலாகச் செய்தார்கள். தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எழுப்பி, அவரவர் நிலைக்குரிய அறைக்கு அனுப்பினார்கள். மேற்பார்வையாளர்கள் முதலில் தாங்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய பிறகே ஆசிரியர்களுக்கு வழிகாட்டினார்கள். இந்தி வாசிப்பு உயர்ந்தது. பிள்ளையை ஆண்டு முழுவதும் மதிப்பிட்டுப் பதிவு செய்யும் தொடர் மதிப்பீட்டு முறையையும் அதே மாநிலத்தில் சோதித்தார்கள்; அதனால் கற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. படிவம் நிரப்புவது படிப்பாகிவிடாது என்பது நம் ஆசிரியர்களுக்குப் புதுச் செய்தியா என்ன!

என் ஓட்டு மூன்றாவதற்கே, அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்றால். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகள் இதற்கு நெருங்கிய உறவுதான். ஆனால் ஒரே அறையில் மூன்று குழுவையும் ஓர் ஆசிரியரே பார்த்துக்கொண்டு, மதிப்பீட்டைச் செயலியிலும் பதிவேற்ற வேண்டியிருந்தால், நேரம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈராசிரியர் பள்ளியில் அறை மாற்றிக் குழு பிரிக்க ஆள் போதாது. அங்கே தன்னார்வலரை மாலைக்குப் பதில் பகலில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே அமர்த்துவேன். வட்டார வள மையத்திலிருந்து வரும் ஆசிரியர் பயிற்றுநர் பதிவேட்டைக் கேட்பதற்கு முன்பு, அரும்புக் குழுவோடு உட்கார்ந்து ஒரு பாடம் நடத்திக் காட்டட்டும்.