கூகுள் ஸ்கொலர் சுயவிவரப் பக்கம்: கிழக்கின் நிர்ப்பீடனவியல் ஆய்வாளருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள வந்தாறுமூலையிலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள ஒலுவிலிலோ ஒரு விரிவுரையாளர் தன் கட்டுரைகளின் மேற்கோள் எண்ணிக்கையைக் காட்ட வேண்டி வந்தால், முதலில் திறப்பது கூகுள் ஸ்கொலரைத்தான். காசில்லை, சந்தா இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இந்தத் தேடுபொறி 2004 இல் வந்தது. ஆய்வாளருக்கான தனிப்பக்கம் 2011 இல் சேர்ந்தது. இலங்கைச் சஞ்சிகைகளில் வந்த டெங்கு, எலிக்காய்ச்சல் கட்டுரைகளையும் இது பிடித்துவிடும். சந்தா கட்டிப் பார்க்கும் மேற்கோள் தரவுத்தளமான ஸ்கோபஸில் அவற்றில் பல இல்லவே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ஆனால் கணக்கைத் திறந்துவிட்டு அப்படியே விட்டால் பக்கம் பிழையாகத்தான் நிற்கும்.

பெரிய பிழை பெயரில் தொடங்குகிறது. கந்தையாவின் மகன் சிவகுமார் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். உள்ளூர்ச் சஞ்சிகையில் 'கே. சிவகுமார்' என்று போடுகிறார். வெளிநாட்டுச் சஞ்சிகையின் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கிறது. முதற்கட்டத்தில் சிவகுமார், இரண்டாவதில் கந்தையா. இப்போது மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் அவர் 'கந்தையா எஸ்'. ஒரே ஆள், இரண்டு எழுத்தாளர். கல்யாணத்துக்குப் பிறகு தகப்பன் முதலெழுத்தை விட்டுக் கணவன் முதலெழுத்துக்கு மாறும் பெண்களுக்கும், முகம்மது என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதும் கல்முனை, சம்மாந்துறைக்காரருக்கும் இதே வில்லங்கம்தான். டெங்கு நிர்ப்பீடனவியலில் பேர்பெற்ற ஸ்ரீ ஜயவர்தனபுரப் பேராசிரியர் நீலிகா மலவிகேயைத் தேடினால் 'மலவிகே ஜி.என்.' என்ற அரிதான குடும்பப்பெயரே கட்டுரைகளை ஒன்றாகக் கொண்டுவந்து தரும். நம் முதலெழுத்துப் பெயர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே முதற்கட்டுரை அனுப்புமுன்பே ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, பிறகு மாற்றாமல் இருங்கள். ஆய்வாளரை இனங்காட்டும் 16 இலக்க ஓர்க்கிட் (ORCID) எண்ணை எடுத்து ஒவ்வொரு சமர்ப்பிப்பிலும் கொடுங்கள். ஸ்கொலர் பக்கத்தில் 'பிற பெயர்கள்' என்ற இடத்தில் பழைய வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பக்கத்தைத் திறக்கும்போது பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுத்து, அதற்கு வரும் இணைப்பை அழுத்தி உறுதிப்படுத்த வேண்டும். இதைச் செய்யாத பக்கம் ஸ்கொலர் தேடலில் மற்றவர் கண்ணில் படாது. அந்த அஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் விழுந்து கிடக்கவும் கூடும், அங்கேயும் பாருங்கள். அடுத்து, புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் தெரிவை நிறுத்தி, 'எனக்கு அறிவித்துக் கேள்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு சிவகுமாரின் கொங்கிறீட் ஆய்வு ரி-செல் என்ற நிர்ப்பீடனக் கலம் பற்றிய உங்கள் கட்டுரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அடுத்தவர் கட்டுரையின் மேற்கோள் உங்கள் கணக்கில் இருப்பது, தெரியாமல் நடந்தாலும், நேர்முகத்தில் உங்கள் நேர்மையைப் பற்றிய கேள்வியாகிவிடும்.

இரட்டிப்பு அடுத்த தலையிடி. மீளாய்வில் தலைப்பு மாறிய கட்டுரையின் முன்பதிப்பும் (சஞ்சிகையில் வருமுன் இணையத்தில் இட்ட பிரதி) அச்சான பிரதியும் இரண்டு வரியாக நிற்கும். ஒன்றுக்கு 6 மேற்கோள், மற்றதற்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் டிக் செய்து 'ஒன்றிணை' என்பதை அழுத்தி, அச்சான பிரதியை முதன்மையாக வைத்தால், ஒரே கட்டுரை இரண்டையும் மேற்கோள் காட்டியிராவிட்டால், 11 ஆகும். 10 ஐத் தாண்டியதால் ஐ10 சுட்டெண்ணும், அதாவது குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கையும், ஒன்று கூடும். மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் உடுக்குறி (*) தெரிந்தால், வேறு கட்டுரைக்குரிய மேற்கோளும் கலந்திருக்கலாம் என்று பொருள். அதை அழுத்தி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எச் சுட்டெண்ணை பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005 இல் முன்வைத்தார். கட்டுரைகளுக்கு 40, 12, 7, 4, 3 மேற்கோள்கள் என்றால் எச் 4: நாலு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 4 தடவை எடுத்தாளப்பட்டுள்ளன, ஐந்தாவதற்கு 3 தான். ஐ10 இங்கே 2. மொத்தம் 66 என்றாலும் அதில் 40 ஒரே கட்டுரையினது. அது பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரையா, நூறு பேர் கையெழுத்திட்ட தடுப்பூசிப் பரிசோதனையா, சொந்த ஆய்வா என்பதை எண் சொல்லாது. புரதத்தை அளக்கும் முறையை விவரித்த லோரியின் 1951 கட்டுரைக்கு 3 இலட்சத்துக்கு மேல் மேற்கோள்கள். எண்ணற்ற ஆய்வுகூடங்கள் அந்த முறையைப் பயன்படுத்தியதால் வந்த எண் அது.

ஸ்கொலரின் மெய்யான குறை வேறு. தன்மேற்கோளை, அதாவது ஒருவர் தன் கட்டுரையைத் தானே எடுத்தாள்வதை, அது கழிப்பதில்லை; ஆய்வேடுகளையும் மாநாட்டுச் சுருக்கங்களையும் எண்ணிக்கொள்ளும். அதனால் ஸ்கோபஸை விட எண் பெரிதாகவே தெரியும். ஸ்கோபஸில் தன்மேற்கோளை நீக்கிப் பார்க்கலாம். பிரிந்துபோன எழுத்தாளர் பதிவுகளை இணைக்க இலவசமாக வேண்டுகோள் விடுக்கவும் வழி உண்டு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெரியதை மட்டும் காட்டாதீர்கள்.

எந்த எண்ணை எழுதினாலும் பார்த்த திகதியையும் சேர்த்து எழுதி, அன்றைய திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) ஒன்றைச் சேமித்துவையுங்கள். ஒரு மூலம் இணையத்திலிருந்து மறைந்தால் ஸ்கொலரில் மேற்கோள் குறையும்; விண்ணப்பத்தில் 66 என்று இருந்தது நேர்முக நாளில் 63 ஆகத் தெரிந்தால் அந்தத் திரைப்பிடிப்புத்தான் சாட்சி.