உலக வங்கியின் இலவசத் தரவுத் தளம்: ஜிடிபிக்குப் போகலாம், வரிக்குப் போக வேண்டாம்

டென்மார்க் அரசு ஜெர்மனியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வரி வாங்குகிறது என்று யாராவது படம் போட்டுக் காட்டினால், அது உலக வங்கித் தளத்தில் எடுத்த படமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எண்களில் தவறில்லை. ஒப்பீடுதான் கோணல். அந்தத் தளத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும்.

முதலில் பலம். முன்பு சந்தா கட்டிப் பார்க்க வேண்டியிருந்த ‘உலக வளர்ச்சிக் குறிகாட்டிகள்’ தொகுப்பு 2010 ஏப்ரலில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 217 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும், 1,400-க்கு மேற்பட்ட குறிகாட்டிகள், பலவற்றுக்கு 1960 முதல் எண்கள். பதிவு செய்ய வேண்டாம். மூலத்தைக் குறிப்பிட்டால் எடுத்துப் பயன்படுத்தத் தடையில்லை. தைவானுக்கு மட்டும் தனி வரிசை கிடையாது, தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

உள்ளே போக இரண்டு வாசல். ஒரே குறிகாட்டியைச் சட்டென்று பார்க்க வரைபடப் பக்கம் போதும். பல குறிகாட்டிகளை ஒன்றாக எடுக்க டேட்டாபேங்க். அதில் தரவுத்தொகுப்பு, நாடு, குறிகாட்டி, ஆண்டு என்ற நான்கையும் வரிசையாகத் தேர்ந்து மாற்றங்களைப் பதிய வேண்டும். நாடுகளைத் தேர்வு செய்யும் இடத்தில் ‘நாடுகள்’ என்ற தாவலை முதலில் அழுத்துங்கள். இல்லையென்றால் ‘உலகம்’, ‘அரபு உலகம்’, ‘உயர் வருமான நாடுகள்’ போன்ற கூட்டுத்தொகைகளும் சேர்ந்து வரும். வரைபடப் பக்கத்தின் சிஎஸ்வி (எளிய அட்டவணைக்) கோப்பில் 266 வரிசைகள் இருப்பது இதனால்தான்: 217 போக மீதி 49 கூட்டுத்தொகை. நெடுவரிசையை அப்படியே கூட்டினால் ஒரே நாடு பலமுறை எண்ணப்படும்.

அந்தக் கோப்பின் முதல் 4 வரிகள் தலைப்புக் குறிப்புகள், அவற்றைத் தாண்டித்தான் படிக்க வேண்டும். டேட்டாபேங்க் கோப்பில் விடுபட்ட இடங்களில் இரண்டு புள்ளிகள் இருக்கும். அதனால் முழு நெடுவரிசையும் எண்ணாக இல்லாமல் எழுத்தாக மாறிவிடும். வேறு தரவுடன் இணைக்கும்போது நாட்டுப் பெயரை நம்பாதீர்கள். எகிப்து, ஈரான், கொரியா எல்லாம் இங்கே நீட்டி முழக்கிய பெயரில் இருக்கின்றன. மூன்றெழுத்துக் குறியீடுதான் பாதுகாப்பு. இரண்டெழுத்துக் குறியீட்டில் இணைத்தால் நமீபியா காணாமல் போகும். அதன் குறியீடான ‘என்ஏ’வைப் பல மென்பொருள்கள் ‘தரவு இல்லை’ என்று படிப்பதுதான் காரணம்.

ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, டாலரில் நான்கு உடைகளில் வரும்: நடப்பு டாலர், 2015 நிலை டாலர், நடப்பு வாங்கும் திறன் டாலர், 2021 நிலை வாங்கும் திறன் டாலர். ‘நிலை’ என்றால் விலைவாசி உயர்வைக் கழித்தது, ‘வாங்கும் திறன்’ என்றால் நாடுகளுக்கிடையே உள்ள விலை வேறுபாட்டைச் சரிசெய்தது. மக்களின் வாழ்க்கைத்தரத்தை ஒப்பிடவும் காலப்போக்கில் பார்க்கவும் கடைசியது. கடன், எண்ணெய் இறக்குமதி போன்றவற்றுக்கு முதலாவது, ஏனென்றால் அந்தப் பில்லைச் சந்தை மாற்று விகிதத்தில்தான் கட்டியாக வேண்டும். இந்தியாவின் தலா ஜிடிபி இந்த இரண்டு கணக்குக்கும் இடையே சுமார் நான்கு மடங்கு வேறுபடும். அயர்லாந்தை எந்த உடையிலும் நம்ப வேண்டாம். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துக்கணக்கை அங்கே மாற்றியதில் 2015-இல் ஒரே ஆண்டில் ஜிடிபி 25 விழுக்காட்டை ஒட்டி எகிறியது. அந்த நாட்டுப் புள்ளியியல் துறையே திருத்திய தேசிய வருமானம் என்று வேறு அளவு வகுத்துக்கொண்டது.

இனி வரி. எந்த நாட்டில் அரசு பெரியது, எதில் சந்தை பெரியது என்று தேடுபவர்கள் நேராக வந்து விழும் குழி இது. ‘வரி வருவாய், ஜிடிபியில் விழுக்காடு’ என்ற குறிகாட்டி பெரும்பாலும் மத்திய அரசின் வரியைத்தான் எண்ணுகிறது. கூட்டாட்சி நாடுகளில் மாநிலங்கள் வாங்குவது இதில் வராது. சமூகக் காப்பீட்டுத் தொகையும் வராது. ஜெர்மனியில் இரண்டுமே பெரிது. அதனால் திரையில் 11 விழுக்காடு போலத் தெரிகிறது, எல்லாவற்றையும் சேர்த்தால் 40-ஐ நெருங்கும். டென்மார்க் தன் நலத்திட்டச் செலவைப் பொதுவரியிலிருந்தே நடத்துவதால் அதன் எண் 30-க்கு மேல் நிற்கிறது. இந்தியா, அமெரிக்கா, சீனா மூன்றும் இதே காரணத்தால் குள்ளமாகத் தெரியும். வரிக்கு, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் வருவாய்ப் புள்ளிவிவரம்தான் சரியான இடம். அரசுடைமை நிறுவனங்களின் பங்கு எவ்வளவு என்பதற்கு இந்தத் தொகுப்பில் பதிலே இல்லை.

இயற்கை வளத்துக்கு ‘வள வாடகை’ என்ற குறிகாட்டி இருக்கிறது: எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, கனிமம், காடு ஆகியவற்றின் விலையிலிருந்து எடுக்கும் செலவைக் கழித்தது. மண்ணுக்கடியில் எவ்வளவு மிச்சம் என்பதை அது சொல்லாது. 2014-இல் தொடங்கிய எண்ணெய் விலைச் சரிவில் சவூதி அரேபியாவின் கோடு சரிகிறது, அப்போது எடுத்த பீப்பாய்கள் குறையவில்லை. காங்கோ குடியரசுக்குப் பக்கத்தில் நார்வேயின் விழுக்காடு சின்னதாக இருக்கும். தலைக்கு எவ்வளவு என்று மாற்றினால் நார்வே பல மடங்கு மேலே போய்விடும்.

கினி குறியீடு ஏற்றத்தாழ்வின் அளவு, எண் தாழ்ந்தால் சமத்துவம் அதிகம். அதில் சில நாடுகளுக்கு வருமானமும் சில நாடுகளுக்குச் செலவும் அளக்கப்பட்டிருக்கின்றன. பணக்காரர் சேமிப்பது செலவுக் கணக்கெடுப்பில் தெரியாது, ஆகவே அந்த எண் தாழ்ந்தே இருக்கும். இந்தியாவின் 25.5 செலவுக் கணக்கு, பிரேசிலுடையது வருமானக் கணக்கு. 2025-இல் இந்தியா ‘உலகின் நான்காவது சமத்துவ நாடு’ என்று கிளம்பிய பேச்சு இந்தக் கலப்படத்தில் பிறந்தது. ஒவ்வொரு வரைபடத்தோடும் உள்ள விவரப் பொத்தானை அழுத்தினால் அளவு முறை வரும். அழுத்துவோர் குறைவு.

பதிவிறக்கிய தேதியைக் கோப்புப் பெயரிலேயே எழுதி வையுங்கள். பழைய எண்களும் மாறும்: 2014-இல் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றிய நைஜீரியாவின் ஜிடிபி 89 விழுக்காடு வீங்கி, தென்னாப்பிரிக்காவை முந்தியது. முன்பு எடுத்த அட்டவணை இப்போதையதோடு பொருந்தாவிட்டால், டேட்டாபேங்கின் தரவுத்தொகுப்புப் பட்டியலில் பழைய பதிப்புகளின் காப்பகம் தனியாக இருக்கிறது. அதில் அந்த மாதத்துப் பதிப்பை எடுத்துச் சரிபார்க்கலாம்.