எஃப்எஃப்புரோப் சொல்லும் நீளத்தை நம்பலாமா?

ஒலிப்புத்தக வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "ஃபோல்டர் நிறைய ஆடியோ கிடக்குது. ஒவ்வொன்னையும் பிளேயர்ல திறக்காம நீளமும் ஃபார்மட்டும் பார்க்க எதைப் போடலாம்?" என்று கேட்டார். பல வருடமாக நான் ஓட்டுவது எஃப்எஃப்புரோப் (ffprobe), ஆடியோ ஃபைலின் விவரங்களைக் கட்டளைவரியில் சொல்லும் கருவி. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற ஆடியோ-வீடியோ மென்பொருளை நிறுவினாலே கூடவே வந்துவிடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைல் பெயரின் வாலை அது மதிப்பதே இல்லை. போனில் பதிந்த எம்4ஏ-வை யாராவது எம்பி3 என்று பெயர் மாற்றி அனுப்பினால், உள்ளே இருப்பது ஏஏசி என்ற வேறு ஒலிச்சுருக்க முறை என்று பட்டென்று சொல்லிவிடும். (ஃபார்மட் பெயரை மட்டும் கேட்டால் 'எம்ஓவி, எம்பி4, எம்4ஏ, 3ஜிபி' என்று குடும்ப அட்டையையே நீட்டும். அது வேறு கதை.) சாம்பிள் ரேட், சேனல் எல்லாம் சரியாக இருக்கும்.

என் கோபம் நீளத்தில்தான். கன்டெய்னர் (எம்4ஏ போல ஒலியைச் சுற்றியிருக்கும் உறை) இல்லாத வெறும் ஏஏசியிலும், ஸிங் ஹெடர் (தொடக்கத்தில் இருக்கும் நீளக் குறிப்பு) இல்லாத விபிஆர் எம்பி3-யிலும் (பிட்ரேட் இடத்துக்கு இடம் மாறும் வகை) மொத்த நீளம் எங்கும் எழுதியிருக்காது. எஃப்எஃப்புரோப் முழுதும் எண்ணிப் பார்க்காது. தொடக்கத்துச் சில ஃப்ரேம்களை (ஒலியின் சிறு துண்டுகளை) வைத்து பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு எவ்வளவு தரவு என்பதைக் கணித்து, ஃபைல் அளவை அதால் வகுத்துவிடும். வாசிப்பவர் மூச்சு வாங்கிவிட்டு மெதுவாக ஆரம்பித்தால் அந்த அமைதிக்கு பிட்ரேட் குறைவு. வகுத்தால் நீளம் கூடிவிடும். ஒரு ரெக்கார்டர் செயலியில் பதிந்து வந்த அத்தியாயம், ஓடவிட்டால் அரை மணிநேரம்கூட இல்லை. இதன் கணக்கில் நாற்பது நிமிடத்துக்கு மேல்!

நியாயமாகச் சொன்னால், 'இது பிட்ரேட்டை வைத்துக் கணித்தது, தவறாக இருக்கலாம்' என்று ஓர் எச்சரிக்கை வரியும் போடுகிறது. யார் பார்த்தார்கள்? சும்மா ஓட்டினால் பதிப்பு எண், கம்பைல் செய்த ஆப்ஷன்கள் என்று திரை முழுக்கக் கொட்டும். அந்தத் தொல்லை தாங்காமல்தான் லாக் லெவலை (எந்தெந்தச் செய்திகளைக் காட்டலாம் என்ற அமைப்பை) 'எரர்' என்று வைக்கிறோம். ஆளாளுக்குக் காப்பியடிக்கும் கட்டளையும் அதுவே. அதோடு எச்சரிக்கையும் வாயை மூடிக்கொள்ளும். மிஞ்சுவது ஒரே ஓர் எண், தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கத்தோடு. ஊகத்துக்கு எதற்கு ஆறு இலக்கம்?

லாக் லெவலை 'வார்னிங்' என்று வைத்தால் போதும். எண்ணும் எச்சரிக்கையும் தனித்தனி வழியில் வெளியே போவதால் ஸ்கிரிப்ட் கெடாது. எச்சரிக்கை வந்த ஃபைலை மட்டும் எஃப்எஃப்எம்பெக்கில், எங்கும் சேமிக்காத 'நல்' (null) அவுட்புட்டுக்கு முழுதாக டிகோட் செய்து, கடைசியில் காட்டும் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். சாக்ஸ் (SoX) என்ற ஒலி மென்பொருள் கூடவே வரும் சாக்ஸி (soxi) கருவியில் பெரிய 'டி' (-D) ஒன்று போட்டாலும் விநாடி வந்துவிடும். ஆனால் எம்4ஏ-வை அது திறக்காது.

நண்பரிடம் எஃப்எஃப்புரோப் வேண்டாம், இதே வேலைக்கான மீடியாஇன்ஃபோ போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எஃப்எஃப்புரோபுக்கு இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தான். என் ஸ்கிரிப்டில் இருப்பது என்னவோ எஃப்எஃப்புரோப். அதை மாற்றும் எண்ணமும் இல்லை.