ராட்டின விபத்து வழக்கு: தயாரித்தவர் மீதா, நடத்தியவர் மீதா?

2022 மார்ச் 24, இரவு. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் 430 அடி உயரக் கோபுர ராட்டினம் ஒன்று. மேலே போய், அங்கிருந்து சடாரென்று கீழே விழும் வகை. வேகம் குறைகிற கட்டத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்துபோனான்.

அந்த இருக்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அவனைப் பிடித்து வைத்திருந்தது தோளுக்கு மேலாக இறங்கி நெஞ்சை அணைக்கும் ஒரு தடுப்பு மட்டும்தான். சீட் பெல்ட் கிடையாது. தடுப்பு போதிய அளவு இறங்கிவிட்டதா என்று ஒரு சிறு சென்சார் பார்க்கும். இறங்கியிருந்தால் விளக்கு எரியும். எரிந்தால்தான் ராட்டினம் கிளம்பும். அன்று விளக்கு எரிந்தது. ஆனால் அந்த இருக்கையின் சென்சார் இடம் மாற்றி வைக்கப்பட்டிருந்தது. பெரிய உடல்வாகு உள்ளவர்களும் உட்காரட்டும் என்று நடத்தியவர்கள் கையால் செய்த மாற்றம் அது. தடுப்பு வழக்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு திறந்திருந்தாலும் விளக்கு எரியும்படி ஆகிவிட்டது என்று மாநில அரசு அமர்த்திய பொறியாளர்கள் கண்டறிந்தார்கள்.

இப்போது யார் மீது வழக்குப் போடுவது? சென்சாரை நகர்த்தியவர் மீதா? கையால் நகர்த்த முடிகிற மாதிரி அதைச் செய்து, பெல்ட்டும் இல்லாமல் விற்றவர் மீதா?

தயாரித்த நிறுவனத்தின் மீது போவது பொருள் பொறுப்பு வழக்கு. நடத்திய நிறுவனத்தின் மீது போவது பெரும்பாலும் கவனக்குறைவு வழக்கு. இரண்டும் இழப்பீட்டில்தான் முடியும், ஆனால் நிரூபிக்க வேண்டியது வேறு. கவனக்குறைவு வழக்கில் நாம் காட்ட வேண்டியது மனிதரின் நடத்தையை: பூட்டைச் சரிபார்த்தாரா, பராமரிப்புப் பதிவேட்டை எழுதினாரா, ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தாரா. பொருள் பொறுப்பில் நீதிமன்றம் பார்ப்பது பொருளை. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1963இல் ஒரு மரவேலை இயந்திர வழக்கில் தொடங்கிவைத்த வழி இது. குறையுள்ள பொருளால் காயம் ஏற்பட்டால் தயாரித்தவர் கவனமாக இருந்தாரா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம், அவர் பொறுப்பு என்றது. ஐரோப்பாவில் 1985இல் வந்த ஆணையும், இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில் வந்தவை.

இதைக் கேட்டால் தயாரித்தவர் மீது போவதுதான் சுலபம் என்று தோன்றும். அப்படி இல்லை. குறை மூன்று வகைப்படும்: வரைபடத்திலேயே இருந்த குறை, பட்டறையில் செய்யும்போது நேர்ந்த குறை, எச்சரிக்கை தராத குறை. முதலாவதைக் காட்ட, இதைவிடப் பாதுகாப்பாகச் செய்ய வழி இருந்தது என்று பொறியாளரை வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கும். நிபுணர் கட்டணம், சோதனைச் செலவு, காலம் எல்லாம் ஏறும். ஆர்லாண்டோ வழக்கில் அந்த நிரூபணம் ஒரு சின்னக் கணக்கில் அடங்கியது. 30 இருக்கைக்கும் பெல்ட் மாட்ட மொத்தமே 660 டாலர்தான் ஆகியிருக்கும் என்றார்கள் குடும்பத்தின் வழக்கறிஞர்கள். அந்த எண்ணைப் படித்த பிறகு என்னால் வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

காலக்கெடு என்று ஒரு பொறியும் உண்டு. 2017 ஜூலையில் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் ஊசலாடும் ராட்டினம் ஒன்றின் இருக்கை வரிசை அப்படியே பிய்ந்து பறந்தது. 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார், 7 பேர் காயப்பட்டார்கள். அன்றுதான் ஆய்வாளர்கள் அதை இயக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். இருக்கைகளைத் தாங்கிய இரும்பு விட்டம் உட்புறம் துருப்பிடித்துச் சுவர் மெலிந்துபோயிருந்தது என்று தயாரித்த நிறுவனம் பின்னர் அறிவித்தது. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே வருடக் கணக்கில் தின்றுகொண்டிருக்கும். அந்த ராட்டினத்துக்கு அப்போது 18 வயது. ஐரோப்பிய ஆணையிலோ, பொருள் சந்தைக்கு வந்து 10 ஆண்டு கடந்தால் தயாரித்தவர் மீதான கோரிக்கை காலாவதி. இப்படி ஒரு கெடு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் இருக்கிறது. கண்காட்சி ராட்டினங்கள் இருபது, முப்பது ஆண்டு ஓடுபவை. கைமாறிக் கைமாறிப் போகும். பழைய ராட்டினம் என்றால் நடத்தியவர், பராமரித்தவர், ஆய்வு செய்த தனியார் நிறுவனம் என்ற பக்கம்தான் கதவு திறந்திருக்கும். துரு எப்போது தொடங்கியது, விட்டத்துக்குள் தண்ணீர் தேங்க வடிவமைப்பே காரணமா என்ற நியாயமான கேள்வியைக் கேட்கவே முடியாமல் சட்டம் வாயை அடைத்துவிடுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

சில விபத்துகளில் தயாரித்தவர் பக்கம் போவதே வீண். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2 அன்று ரோலர் கோஸ்டர் ஒன்று தடத்தில் நின்றிருந்த காலி வண்டியில் மோதியது. 16 பேர் காயம். இரண்டு இளம்பெண்களுக்கு ஒரு காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. முன்னால் வண்டி நிற்கிறது என்று கணினி சரியாகவே நிறுத்தியிருந்தது. கணினிக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஊழியர்கள் அந்தத் தடையை மீறி வண்டியை அனுப்பினார்கள். தடம், வண்டி, கட்டுப்பாட்டு அமைப்பு எதிலும் குறை இல்லை என்றது அரசு விசாரணை. நடத்திய நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. இங்கே போய்த் தயாரித்தவரைப் பிடித்து இழுத்தால் வழக்கு நீளும், வேறொன்றும் நடக்காது.

நேர் எதிராக, கான்சாஸ் நகரின் நீர்ச்சறுக்கு. 168 அடி உயரம், 2014இல் திறந்தார்கள், 2016 ஆகஸ்ட்டில் அதில் 10 வயதுச் சிறுவன் இறந்தான். அதை வடிவமைத்ததே பூங்காக்காரர்கள்தான், முறையான பொறியியல் படிப்பில்லாமல். தயாரித்தவரும் நடத்தியவரும் ஒரே ஆள் என்பதால் ஒருவர் மேல் ஒருவர் பழி போட இடமே இல்லை. அப்படியும் குடும்பத்தார் வலையை அகலமாக வீசினார்கள். ரப்பர் மிதவையைச் செய்த நிறுவனம் வரை பங்கு கொடுத்து, ஏறக்குறைய 2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. குற்ற வழக்கு மட்டும் 2019இல் தள்ளுபடி ஆகிவிட்டது.

சரி, பணம் கைக்கு வருமா? எல்லாரும் கடைசியில் யோசிக்கிற இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். நடத்தும் நிறுவனம் உள்ளூரில் இருக்கும், காப்பீடும் வைத்திருக்கும், பேச்சுவார்த்தைக்கு வரும். ராட்டினம் செய்பவர்களோ பெரும்பாலும் வேறொரு நாட்டில், பல சமயம் நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி என்று இருப்பார்கள். ஆர்லாண்டோ வழக்கில் நடத்தியவர்கள் தொகையை வெளியே சொல்லாமல் சமரசம் செய்துகொண்டார்கள். தயாரித்த ஆஸ்திரிய நிறுவனம் நீதிமன்றத்துக்கே வரவில்லை. 2024 டிசம்பரில் ஜூரி அதன் மீது 31 கோடி டாலர் விதித்தது, தாய்க்குப் பாதி, தந்தைக்குப் பாதி. ஆனால் தீர்ப்பு வாங்குவது வேறு, கடல் கடந்து வசூலிப்பது வேறு. அங்குள்ள நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்க வேண்டும்.

எதிர்வாதம் என்று பார்த்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. ஆபத்து என்று தெரிந்துதானே ஏறினாய் என்பது நடத்துபவர்களின் பழைய வாதம். 1929இலேயே நியூயார்க்கில், ஏறி நிற்பவரைத் தடுமாறி விழவைக்கும் பூங்கா விளையாட்டான ஓடும் பட்டையில் விழுந்து காயப்பட்டவரின் கோரிக்கையை நீதிமன்றம் அப்படித்தான் நிராகரித்தது. 2005இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ரோலர் கோஸ்டர் நடத்துபவரும் பேருந்து, ரயில் நடத்துபவரைப் போல மிக உயர்ந்த கவனம் காட்ட வேண்டும் என்றது. 2012இல் அதே நீதிமன்றம் மோதி விளையாடும் கார் வழக்கில் பழைய வாதத்தை ஏற்றுக்கொண்டது. மோதத்தானே ஏறுகிறோம் என்பது அங்கே பொருந்தும். நழுவி விழத்தான் ஏறினோம் என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே மறைந்திருக்கும் குறைக்கு இந்த வாதம் எடுபடுவது கடினம். தயாரித்தவர் மீதான வழக்குக்கு இது பெரிய பலம்.

என்னைக் கேட்டால், இருவரையும் சேர்த்தே வழக்கில் இழுக்க வேண்டும், காலக்கெடு இடம் கொடுத்தால். ஒருவரை மட்டும் பிடித்தால் அவர் நீதிமன்றத்தில் இல்லாத மற்றவரைக் கை காட்டுவார், பல இடங்களில் ஜூரியும் அந்த இல்லாதவருக்கு ஒரு சதவீதத்தை எழுதிக் கொடுத்துவிடும். அதைவிட முக்கியம், நடத்தியவரோடு மட்டும் முடித்துக்கொண்டால் அதே மாதிரி ராட்டினம் வேறு பூங்காக்களில் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். ஒஹாயோ விபத்துக்குப் பிறகு அதே வகை ராட்டினங்களை நிறுத்தச் சொல்லி அறிவித்தது அதைத் தயாரித்த நிறுவனம்தான். அந்த அறிவிப்பு அவர்களிடமிருந்து வந்தால்தான் எல்லா ஊருக்கும் போய்ச் சேரும்.

எந்த வழியானாலும் முதல் வாரத்துக்குள் ஒரு நோட்டீஸ் போக வேண்டும்: எதையும் கழற்றாதே, பழுது பார்க்காதே, விற்காதே. தடுப்பு, சென்சார், உடைந்த விட்டம், கேமரா பதிவு, அன்றைய காலைச் சோதனைத் தாள், தயாரித்தவர் அனுப்பிய பழைய எச்சரிக்கைக் கடிதங்கள், கையேடு. ஆர்லாண்டோ ராட்டினத்தின் கையேட்டில் பயணியின் எடை வரம்பு 130 கிலோ என்று எழுதியிருந்தது. அந்தச் சிறுவன் அதைவிடக் கூடுதல் எடை.