வேப்பேரி சபையின் வேலை வழிகாட்டல் வகுப்பு: ஒரு சனிக்கிழமை முழுக்க

ஆறு வருடமாக எனக்கு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, என்னை டீச்சராக்கும்." மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். பி.காம். படித்திருக்கிறேன், வயது 31. நடுவில் ஒரு ஜெபக்கூட்டத்தில் "உனக்கு வெளிநாட்டு வாசல் திறக்கும்" என்று ஒருவர் தலையில் கைவைத்துச் சொன்னார். அதை நம்பி பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வருடம் காத்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

தோழி விடாப்பிடியாகக் கூப்பிட்டதால்தான் வேப்பேரியில் ஒரு கிறிஸ்தவ சபை நடத்தும் இந்த வகுப்புக்குப் போனேன். பெரம்பூரிலிருந்து பஸ்ஸில் போய் டவுட்டனில் இறங்கினால் நடக்கிற தூரம். காலை ஒன்பதரை முதல் நாலு மணி வரை, மதியச் சாப்பாட்டோடு 400 ரூபாய். 22 பேர் வந்திருந்தோம். நடத்துகிறவர் ஒரு கம்பெனியின் பணியாளர் பிரிவில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அங்கிள் என்றே கூப்பிடுகிறார்கள்.

நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் சொல்லும் எரேமியா 29:11-இல்தான் தொடங்குவார் என்று நினைத்தேன். புது வருட ஆராதனையில் அந்த வருடத்துக்கான வசனம் என்று எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு இரண்டு முறை வந்த வசனம் அது. அவர் வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். நெகேமியா பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலை செய்த யூதர். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்துகிடக்கிற செய்தி நெகேமியாவுக்குக் கிஸ்லேயு மாதத்தில் வருகிறது. நிசான் மாதத்தில்தான் ராஜா "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்கிறார். இடையில் ஏறக்குறைய நாலு மாதம். அழுகிறார், உபவாசிக்கிறார், ஜெபிக்கிறார். ராஜா கேட்ட அந்த நொடியிலும் மனதுக்குள் ஜெபிக்கிறார். ஆனால் வாயைத் திறந்ததும் எல்லாம் வரிசையாக வருகிறது: திரும்பி வர இவ்வளவு காலம் ஆகும், நதிக்கு அப்புறத்து தேசாதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் கொடுக்கச் சொல்லி வனக்காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதம் வேண்டும். 52 நாளில் அலங்கம் கட்டி முடிந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அந்த மரக் கணக்கை மட்டும் நான் கவனித்ததே இல்லை.

"இப்போ ராஜா உன்னைக் கேட்டால் என்ன சொல்லுவேம்மா?" என்றார் என்னிடம். பி.எட். என்றேன். "எந்தப் பாடத்துக்கு?" வணிகவியல் என்றேன். அதற்கு பி.காம். மட்டும் போதாது, எம்.காம். வேண்டும் என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆறு வருடம் முழங்காலில் நின்று கேட்ட காரியத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்று நான் ஒரு நாளும் விசாரிக்கவில்லை. அவர் அதட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. ஒரு தாளை எடுத்து என்னையே எழுதச் சொன்னார். எம்.காம். தொலைநிலையில் இரண்டு வருடம், வேலையில் இருந்துகொண்டே. அப்புறம் பி.எட். இரண்டு வருடம், வேலையை விட்டுவிட்டு. அந்த இரண்டு வருடமும் வீட்டுக்கு நான் கொடுக்கும் மாதம் 15,000 ரூபாய் நின்றுபோகக் கூடாது. ஆக 3,60,000. கையில் 1,80,000 இருக்கிறது. மீதிக்கு 24 மாதம், மாதம் 7,500 சேர்க்க வேண்டும். படிப்புக் கட்டணம் தனி. ஒரே தாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

என்னைப் போலத் திட்டமே இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். 24 வயதுத் தம்பி ஒருவர் கனடா போகத் தேதி வாரியாக எக்செல் தாள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவரை அங்கிள் யாக்கோபு 4-ஆம் அதிகாரத்தில் "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று வரும் இடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு, "விசா வரவில்லை என்றால் நீ யாருப்பா?" என்று கேட்டார். தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த அமைதியை அவசரப்பட்டுக் கலைக்காமல் விட்டார் பாருங்கள், அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

குறைகளும் உண்டு. காலையில் கொடுக்கும் திறன் கேள்வித்தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் மேஜையில் இருந்த ஒரு அக்கா பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார். தமிழ்ச் சபையில் தமிழில் ஒரு தாள் அச்சடிக்க முடியாதா? அதைவிடப் பெரிய குறை: வேலை போய் எட்டு மாதமாக வீட்டிலிருக்கும் ஒரு அண்ணன் வந்திருந்தார், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருக்காக எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தோம். ஆனால் நாளைக்குக் காலையில் எந்தக் கதவைத் தட்டலாம் என்று சொல்ல அங்கே ஒருவரிடமும் ஒன்றுமில்லை. இந்த வகுப்பு இளையவர்களை மனதில் வைத்தே போடப்பட்டிருக்கிறது. அந்த அண்ணன் போன்றவர்களுக்குத் தனியாக ஒரு நாள் வைக்க வேண்டும் என்று கருத்துச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போகிறவர்கள் வேதாகமத்தோடு பேங்க் பாஸ்புக்கையும் எடுத்துப் போங்கள், கேட்பார். சாப்பாடு பரவாயில்லை.

எம்.காமுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஆண்டவர் செய்த நன்மையை அடுத்த ஞாயிறே சபையில் சாட்சியாகச் சொல்லச் சொல்கிறார் அப்பா. முதல் செமஸ்டர் முடியட்டும்ப்பா என்றிருக்கிறேன்.